காமம் என்னுஞ் சொல்லின் வரலாறு

சொற்கள் காலந்தோறும் பொருள் வேறுபடுதல் எம்மொழிக்கும் இயல்பு. ‘நாற்றம்’ என்பது முற்காலத்தே நறுமணத்துக்கும் உரியதாய் வழங்கி, இக்காலத்தே தீய மணம் ஒன்றனையே உணர்த்துதலை யாவரும் அறிவர். அங்ஙனம் இழிபுற்ற சொற்களுள் ‘காமம்’ என்பதும் ஒன்று. ஆயின், நாற்றம் என்னுஞ் சொல் இழிந்தமையால் மலரின் மணத்துக்கு யாதொரு குறையும் வந்திலது. காமம் என்னுஞ் சொல் இழிந்தபோதோ, ஆடவரும் பெண்டிரும் ஒருவரையொருவர் விழையும் விழைவைப்பற்றித் தமிழ் மக்கள் கொண்டிருந்த கருத்தே உடன்மாறிற்று. அம்மாற்றம் இலக்கியத்தளவில் நின்றொழியாது, திருக்கோவையார் முதலிய அருணூல்களை நாம் ஓதும் முறையையும் பற்றிற்று. ஆதலின், இச்சொல்லின் வரலாற்றை ஒருவாறு ஆராய்ந்து காண்டல் சைவ நன்மக்களுக்குப் பயன்படும்.

1. இலக்கணநூல் வழக்கு

தொல்காப்பியர் களவியலின் தொடக்கத்தே இன்பம், பொருள், அறம் என மூன்றனையும் எண்ணுங்கால் இன்பத்தை முன்வைத்தார். தலைவனுந் தலைவியுந் தாமே எதிர்ப்பட்டுக் கூடுதலைக் ‘காமக் கூட்டம்’ என்னும் பெயராற் குறித்தார். மெய்ப்பாட்டியலுள் அவ்விருவர்க்கும் ஒத்திருக்கவேண்டிய பத்துப் பண்புகளைத் தொகுத்தவிடத்துப் பிறப்பு, குடிமை, ஆண்டு, உரு என்பவற்றோடு காமவாயிலையும், நிறை, அருள், உணர்வு என்பவற்றையும் ஒரே நிரலில் வைத்தார். அருளுங் காமமும் ஒருங்கு எண்ணத்தக்கன என்னும் இக்கொள்கை, பிற்காலத்தார் செவிக்கு வியப்பாகத் தோன்றும். அக்காலத்தார்க்கு அஃது இயல்பே.

காமத்திற் குற்றம் உண்டாதலை அவர் அறியாதவர் அல்லர். அகத்திணை ஏழனுள் அன்பின் ஐந்திணையை நடுவே நிறுத்திக் கைக்கிளையையும் பெருந்திணையையும் இருபுறத்தும் ஒதுக்கினார். காமத்துக்கு இன்னும் உரியளாகாத இளையாள்மாட்டு ஒருவன் கொள்ளும் வேட்கை கைக்கிளை. அளவிறந்த காமத்தால் வலிந்து மேற்சேறல் பெருந்திணை வகையுள் ஒன்று. இவ்வொதுக்கீட்டிற்குக் காரணம் காமம் என்பது தீதென்பதன்று. ஒருவர்பால் மட்டும் நிற்பதும், மற்றவர் உள்ளத்தைப் பொருட்படுத்தாததும் தீது என்பதே. இருவர் உள்ளமும் ஒத்தவழிக் காமம் அன்பே என்பதும், ஒவ்வாவழி அஃது அன்பின் எல்லையினின்று நீங்கும் என்பதும் அவர் துணிபு.

கருத்து மாறுதலை அந்நூலாசிரியரே வரலாறாகவும் குறித்துளர். உலகில் பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே, பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தனர் எனக் கற்பியலுட் கூறினார். எனவே, ஒருவர் சொல்லை ஒருவர் தேறி வாழ்ந்த காலமொன்று முன்னர் இருந்ததென்பதும், அத்தேற்றம் பழுதுற்ற பின்னரே கரணம் வேண்டப்பட்டதென்பதும் அவர் காலத்து நினைவாக இருந்தன என்பது பெறப்படும். அவ்வியலின் இறுதிக்கண், காமம் நிரம்பி முதிர்ந்த காலத்துத் தலைவனுந் தலைவியும் மக்களொடும் சுற்றத்தொடும் கூடிச் சிறந்ததனைப் பயிலுதலே இல்வாழ்க்கையின் முடிந்த பயன் என்றார். ஈண்டுக் காமம் வீட்டு நெறிக்குப் பகையாக அன்றி, அதற்கு முன்னர்க் கடந்து முற்றவேண்டிய பருவமாக நிற்றல் காண்க. மேலும், புறத்திணையியலுள், காமப் பகுதி கடவுளிடத்தும் விலக்கப்படாது என விதித்தார். பின்வந்த அருளாளர் பாடிய நாயகன் நாயகி நெறிக்கு இலக்கண வாயில் இவ்வாறு முன்னரே திறந்து கிடந்தது.

சங்கத்தொகை நூல்களிலுள்ள 2381 பாட்டுக்களுள் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டன அகப்பாட்டுக்களே என்பதும், அவற்றுள் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படாமையும் நோக்கற்பாலன. பெயர் சுட்டாமையால் அக்காமம் எவரேனும் ஒருவரது மறைவான செய்தியாகாது, மன்னுயிர்க்கெல்லாம் பொதுவாகிய உரிப்பொருளாயிற்று. எனினும், பழங்காலத்தைக் குறையற்ற காலமெனப் புனைந்துரைத்தலும் பொருந்தாது. தலைவன் பரத்தையரை நாடுதல் அங்கே துறையாகவே அமைந்தது. தலைவிக்கு ஊடலன்றி வேறு வழி வகுக்கப்பட்டிலது.

2. குறளும் துறவுச் சமயங்களும்

திருவள்ளுவர் 133 அதிகாரத்துள் இறுதி இருபத்தைந்தனைக் காமத்துப்பாலாக அமைத்தார். அவ்விருநூற்றைம்பது குறளிலும் காமம் இகழப்படவில்லை. பரத்தையிற் பிரிவை ஒரு துறையாக வகுத்துப் பாடாது, ஊடலைத் தலைவியின் ஐயத்தளவில் நிறுத்தி, அதனைக் கூடற்கு உவகையாக்கினார். வரைவின் மகளிரையோ பொருட்பாலுள்ளே கொண்டுபோய்க் கடிந்தார். இவ்வாற்றால், தொகை நூல்களிற் கண்ட ஒரு குறை இவர்பால் நீங்கிற்று என்னலாம்.

ஆயின், அவரே அறத்துப்பாலின் மெய்யுணர்தல் அதிகாரத்து முடிவிலே, காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றன் பெயருங் கெடவேண்டும் என்றார். ஒரு நூலுள்ளே ஒரு சொல் இருவேறு நிலையில் நிற்றலை இங்குக் காண்கின்றோம். பின்னையது துறவியர் குழுக்களில் வழங்கிய குழூஉக்குறி; முன்னையது தமிழ் வழக்கு. சமணமும் பௌத்தமும் தமிழகத்திற் பரவியபோது, பிறவிக்கு வித்தாகிய பற்றனைத்துக்கும் காமம் என்பது பெயராயிற்று. அப்பெயர் நாட்டுவழக்கிற் புகுந்து, பழைய பொருளைச் சிறிது சிறிதாக நெருக்கத் தொடங்கிற்று. ஆயினும், துறவுச் சமயத்தாரும் அகப்பொருளை முற்றத் துறந்திலர். சமண முனிவராகிய திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணிக்கு ‘மணநூல்’ என்னும் பெயர் வழங்குதல் இதற்குச் சான்று.

3. களவியலுரையின் மறுமொழி

சொல் எந்நிலைக்கு வந்தது என்பதனைத் தெளிவாகக் காட்டும் நூல், இறையனார் களவியற்கு எழுந்த உரையாகும். பாண்டிநாட்டிற் பன்னீராண்டு வற்கடம் நேர்ந்து, புலவர் சிதறி, மீண்டு கூடியபோது பொருளதிகாரம் வல்லார் எவரும் இலராகப் பாண்டியன் கவன்றனன் என்றும், ஆலவாயிற் பெருமான் அறுபது சூத்திரங்களைச் செப்பிதழில் எழுதிப் பீடத்தின்கீழ் இட்டருளினார் என்றும் அவ்வுரை கூறும். அவ்வறுபது சூத்திரமும் காதலைப்பற்றியன. வேறொன்றனையும் பற்றியன அல்ல. வழிபடு கடவுளே அகப்பொருட்கு ஆசிரியராயினார் எனக் கொண்ட சமயம், அவ்வின்பத்தை இழிவெனக் கருதியிருத்தல் இயலாது.

அவ்வுரை ஆசிரியர் ஓரிடத்தே ஒரு தடையை எழுப்பி விடையிறுக்கின்றார். களவு என்னும் பெயரைக் கேட்ட அளவிலே அதனைத் தீதென்றலும், காமம் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே அதனைத் தீதென்றலும் பொருந்தா என்பது அவர் கருத்து. சினத்தால் நஞ்சுண்ண எண்ணினாள் ஒருத்தியின் நஞ்சினை, அருளுடையார் ஒருவர் அவளறியாமற் கொண்டுபோய் உயிர்காத்தால், அக்களவு நன்றேயாம். அவ்வாறே, நல்லறிவு பெற்று வீடடைய விழைதலும், தெய்வத்தை வழிபட விழைதலும் காமமேயாயினும் உலகம் அவற்றைப் புகழும் என அவர் விளக்குவர்.

இவ்விடை நமக்கு இருவகையிற் சான்றாகின்றது. விடை கூறவேண்டிய தேவை எழுந்தமையே, அக்காலத்துப் பலர் காமம் என்ற மாத்திரையில் முகஞ்சுளித்தனர் என்பதற்குச் சான்று. அவ்விடை கூறப்பட்ட முறை, அச்சொல்லின் பழைய விரிவை ஆன்றோர் கைவிட்டிலர் என்பதற்குச் சான்று. உரையுள் மேற்கோளாக வரும் பாண்டிக்கோவைச் செய்யுட்கள், நின்றசீர் நெடுமாற நாயனாரெனக் கருதப்படும் நெல்வேலி வென்ற பாண்டியனைப் பாடுதலின், உரை இன்றுள்ள வடிவை எய்தியது 8-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என ஆராய்ச்சியாளர் கொள்வர். அஃதாவது, நாயன்மார் திருப்பதிகங்கள் தமிழகமெங்கும் ஒலித்த காலமே, இச்சொல்லைக் குறித்து வழக்கு நிகழ்ந்த காலமுமாகும்.

4. அருளாளர் கண்ட நெறி

நாயன்மார் காலத்து இருந்த வழிகள் இரண்டு. புறச்சமயத் துறவியரைப் பின்பற்றி இன்பத்தை அடியோடு இகழ்தல் ஒன்று. உலகியலோடு ஒத்து அதனிலேயே தோய்ந்து நிற்றல் மற்றொன்று. அருளாளர் இவ்விரண்டனையும் கொள்ளாது, அகத்திணையின் அன்பையே எடுத்து இறைவன்பாற் செலுத்தினார். திருநாவுக்கரசர் திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றிலே, தலைவி ஒருத்தி பெருமானது பெயரைக் கேட்டது முதலாகத் தன்னையும் தன் பெயரையும் மறந்து அவன் தாளை அடைந்தது ஈறாக உள்ள நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். அப்படிநிலைகள் அனைத்தும் அகநூற் களவின் படிநிலைகளே. சேரமான் பெருமாள் நாயனார் திருக்கயிலாய ஞானவுலாவிற் பேதைமுதற் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்து மகளிரும் உலாப்போந்த இறைவனைக் கண்டு காமுற்றதாகப் பாடினார்.

இந்நெறி எளிதில் ஏற்கப்பட்டதென எண்ணற்க. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பரவையாரின் ஊடலைத் தணிக்கும்பொருட்டு இறைவனையே தூதாக விடுத்த செய்தியைக் கேட்ட ஏயர்கோன் கலிக்காமர், ஆண்டவனை ஒரு பெண்ணின்பால் தூதுபோக்கிய தொண்டனோ எனப் பொறாது வெகுண்டார். இறைவன் அவர்க்குச் சூலைநோயை அளித்து, அதனைத் தீர்ப்பான் சுந்தரரே எனச் செய்தபோதும், அவர் கையால் நலம்பெறுதலினும் இறத்தலே மேல் எனத் தம் உடலைக் கீண்டு மாய்ந்தார். அதுகண்ட சுந்தரரும் உயிர்துறக்கத் துணிய, திருவருளாற் கலிக்காமர் உயிர்பெற்றெழுந்து தடுப்ப, இருவரும் நண்பராயினர். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைப் பாடுங்கால், கலிக்காமரைக் குற்றவாளியாக்கினாரல்லர், சுந்தரரையும் குறைகூறினாரல்லர். காதலின் பொருட்டு இறைவன் இழிந்துவருதலை ஏலாத பக்தியும், அதனை ஏற்கும் பக்தியும் இரண்டும் மெய்யன்பே எனவும், முடிவில் அவ்விரண்டும் ஒன்றுபடும் எனவும் காட்டினார். காமத்தைப்பற்றிய வழக்கு சைவத்தினுள்ளேயே உயிரைப் பணயமாக வைத்து நிகழ்ந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

திருமூல நாயனார் அன்பும் சிவமும் வேறல்ல என்றவர். அவரது திருமந்திரத்துள் மகளிர் இழிவும் பிறன்மனை நயவாமையும் கூறும் பகுதிகள் உள்ளன. பரியங்க யோகமும் உளது. சிவானுபவம் சொல்லில் அடங்காது என்பதற்கு அவர் காட்டிய உவமை, தாய் தன் கணவனோடு நுகர்ந்த இன்பத்தை மகளுக்கு எடுத்துச் சொல்லுதல் இயலாமையே. இன்பம் முற்றும் இழிந்ததாயின், முடிந்த முடிபாகிய பேற்றுக்கு அதனை உவமையாக எடுத்தல் எங்ஙனங் கூடும்?

5. சாத்திரத்தின் துணிபு

மெய்கண்ட சாத்திரங்கள் இதற்குத் தத்துவ நிலைபேறு அளித்தன. சிவஞானபோதத்தின் பதினொராஞ் சூத்திரம், மறவாத அன்பினாலே உயிர் அரன் திருவடியை அணையும் என்று முடிக்கின்றது. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்திலே, இறைவன் போகியாய் இருத்தல் உயிர்கட்குப் போகம் அளித்தற்பொருட்டும், யோகியாய் இருத்தல் யோகமுத்தி அளித்தற்பொருட்டும் என்றார். நெற்றிக்கண்ணன் யோகத்தில் இருந்தபோது, காமன் அருகிருந்தும், தேவர் முதலியோர் வேட்கையின்றி மெலிந்தனர் என்றும் எடுத்துக்காட்டினார். இதன் கருத்து நுணுகி உணரத்தக்கது. திருக்குறுக்கையில் எரிந்தவன் காமனே, வேட்கை எரிந்திலது. வேட்கை நிகழ்வது காமனால் அன்று, அம்மையோடு உடனாகிய சிவத்தால் என்பது சித்தாந்தம். காமன் தன்னால் நிகழ்வதாக எண்ணிய செருக்கே நீறாயிற்று.

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இன்புறுநிலை கூறுமிடத்து, ஒருவனும் ஒருத்தியும் கூடிய இன்பத்தையே உவமையாக வைத்தார். உயிரும் சிவமும் முற்றும் ஒரே பொருளாயின் நுகர்வு இன்று. முற்றும் வேறாயிற் கலப்பு இன்று. இரண்டாய் நின்று ஒன்றாதலே இன்பம் எனும் அத்துவித உண்மைக்கு, மக்கள் கண்கூடாக அறிந்த உவமை அஃதொன்றே. ஆகவே, இவ்வுவமை பாட்டுக்கு அழகு செய்யவந்த அணியன்று. சித்தாந்தக் கொள்கையை விளக்கும் கருவி என்க.

6. சொல் பிளவுபட்டமை

பிற்காலத்திற் ‘சிற்றின்பம்’, ‘பேரின்பம்’ என இன்பம் இருகூறாக்கப்பட்டு, அவை ஒன்றற்கொன்று பகை என்னும் எண்ணம் வலுப்பெற்றது. சிறுமையும் பெருமையும் ஒரே பொருளின் அளவு வேறுபாடு என்பது மறக்கப்பட்டது. அரசவைகளிலும் சிற்றூர்த் தலைவர் அவைகளிலும் காமம் வெறுங் கேளிக்கைப் பொருளாகிப் பல சிறுநூல்கள் எழுந்தமையும், அதற்கு எதிராகப் பெண்களையே பழிக்கும் பாடல்கள் பெருகினமையும் இப்பிளவின் இருபுறங்கள். பெண்ணை நுகர்பொருளாகக் காண்பதும் மாயப் பேயாகக் காண்பதும் ஒரு குற்றத்தின் இருவடிவங்களே. இரண்டிலும் ஒத்த உள்ளமுடைய தலைவி மறைந்துபோயினள்.

ஐரோப்பியர் வரவால் வேறொரு நாணம் புகுந்தது. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டிற் குறளின் முதலிரு பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்துக் காமத்துப்பாலை விடுத்தார். 1886-இல் 1330 குறளையும் ஆங்கிலத்திலே தந்த போப்பையரும், முன்னர்த் தவறான எண்ணத்தால் அப்பாலைப் படியாது சில ஆண்டுகள் கழித்தமையைத் தம் முன்னுரையிற் குறித்தார். தஞ்சை மராத்தியர் அவையில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய இராதிகா சாந்துவனத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் முழுமையாக அச்சிட்டபோது, அரசாங்கம் அடுத்த ஆண்டே அதனைத் தடைசெய்தது. அத்தடை பின்னர் நீக்கப்பட்டது. கற்றோர் பலர் தம் முன்னோர் நூல்களைப் பிறர் கண்ணாற் கண்டு கூசினர். காமத்துப்பாலுக்கு ‘இன்பத்துப்பால்’ எனப் பெயரிட்டு வழங்குதலும் பெருகிற்று. அதே காலத்திற் சங்கநூல்கள் அச்சேறியமையும் மறக்கற்பாலதன்று. 1887-இற் கலித்தொகையும் 1937-இற் சாமிநாதையரவர்கள் பதிப்பாகக் குறுந்தொகையும் வெளிவந்து, பழைய வழக்கு மீண்டும் கண்முன் நின்றது. வ. சுப. மாணிக்கனார் 1962-இல் வெளியிட்ட ‘தமிழ்க் காதல்’ என்னும் ஆராய்ச்சி நூலின் பெயரே இன்றைய நிலையை விளக்கும். ஞானசம்பந்தப் பெருமான் நமச்சிவாயத் திருப்பதிகத்தின் முதற்சொல்லாக இறைவன்மேல் ஏற்றிய ‘காதல்’, இன்று ஆண்பெண் அன்புக்குரிய சொல்லாயிற்று; அவ்வன்புக்கு உரியதாயிருந்த ‘காமம்’ வசைச்சொல்லாயிற்று.

7. திருக்கோவையாரை ஓதும் முறை

இனி, இவ்வாராய்ச்சியின் பயன் கூறுவாம். மணிவாசகப் பெருமான் அருளிய திருக்கோவையார், 400 கட்டளைக் கலித்துறைகளால் இயற்கைப் புணர்ச்சி முதற் பரத்தையிற் பிரிவு ஈறாக இருபத்தைந்து கிளவிக்கொத்துக்களாக அமைந்து, திருவாசகத்தோடு எட்டாந் திருமுறையாயிற்று. நீத்தல் விண்ணப்பத்தில் மகளிர் மயக்கினின்று தம்மைக் காக்குமாறு இரந்த அதே பெருமானே இதனையும் பாடினார். இதன் தலைமக்கள் தில்லைப் பெருமானை வழிபடும் மக்களே. பெருமான் பாட்டுடைத் தலைவர். பேராசிரியர் உரையும் ஒவ்வொரு செய்யுட்கும் துறை விளக்கி, மெய்ப்பாடும் பயனும் காட்டி, அகப்பொருள் நெறியிலேயே செல்லும்.

பிற்காலத்துச் சான்றோர் தலைவனை உயிராகவும், தலைவியைப் பரம்பொருளாகவும், தோழியைத் திருவருளாகவும் கொண்டு உட்பொருள் கண்டனர். அவ்வுட்பொருள் போற்றத்தக்கதே. ஆயின், இக்காலத்துச் சிலர் அதனை ஓர் திரையாகப் பயன்படுத்தி, இந்நூலில் ஆண்பெண் காதல் என்பதே இல்லை எனச் சாதிக்க முயல்கின்றனர். இது நூலைக் காப்பது போலத் தோன்றினும், உண்மையில் அதனைக் கெடுப்பதாகும். உவமையாகும் பொருளை அறியாதார்க்கு உவமிக்கப்பட்ட பொருளும் விளங்காது. தலைவன் தலைவியின் அன்பு இழிவாயின், அவ்வன்பினால் உணர்த்தப்படும் சிவானுபவத்துக்கு அவ்விழிவு சென்று பற்றாதோ? களவியலுரைகாரர் ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்னரே இறுத்த விடையை நாம் மறந்தமையே இவ்விடர்ப்பாட்டுக்குக் காரணம்.

அருளாளர் கடிந்தது, ஒத்த உள்ளத்தின் அன்பையன்று. ஒருவரை ஒருவர் பொருளாக்கும் வேட்கையையும், நுகர்வில் தோய்ந்து இறைவனை மறக்கும் மறவியையுமே. தொல்காப்பியர் ஐந்திணைக்கும் பெருந்திணைக்கும் இட்ட எல்லையும், சித்தாந்தம் அன்புக்கும் பாசத்துக்கும் இட்ட எல்லையும் ஒரே கோட்டிற் செல்கின்றன. ஆதலின், திருக்கோவையாரை ஓதுவார் முதற்கண் பேராசிரியரைத் துணைக்கொண்டு, மக்கட் காதலாக அதனை நாணமின்றி உணர்க. அவ்வுணர்வு முதிர்ந்தவிடத்து உட்பொருளைச் சிந்திக்க. படியை இடித்துவிட்டு மாடத்தில் ஏற முயலுதல் கூடாது.